பொலிவியா 2019: சாண்டர்ஸ், வாரன் நிலைப்பாடுகளை ஒப்பிட உதவி தேவை

தோழர்களே, அமெரிக்க முற்போக்கு செனட்டர்கள் பெர்னி சாண்டர்ஸ், எலிசபெத் வாரன் இருவரும் பொலிவியா ஆட்சி மாற்றத்தில் எடுத்த நிலைப்பாடு பற்றி எங்கள் வாசிப்பு வட்டத்தில் விவாதம் முட்டி நிற்கிறது. இந்த வாரம் நான் பேச வேண்டும்.

2019 அக்டோபர் 20-ல் பொலிவியாவில் அதிபர் தேர்தல்; அதில் முறைகேடு என்று போராட்டங்கள் வெடித்தன. நவம்பர் 10-ல் ராணுவத் தளபதி கலிமான் பதவி விலகச் சொன்னதும் இடதுசாரி அதிபர் ஏவோ மொராலெஸ் விலகினார். எதிர்க்கட்சி செனட்டர் ஜெனீன் அனெஸ் இடைக்கால அதிபரானார். சகாபாவிலும் சென்கடாவிலும் போராடியவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெர்னி சாண்டர்ஸ் இதை ராணுவக் கவிழ்ப்பு என்றார். எலிசபெத் வாரனின் அறிக்கையோ விரைவில் நியாயமான தேர்தல் வேண்டும், பாதுகாப்புப் படைகள் போராடுபவர்களைக் காக்க வேண்டும் என்றது; கவிழ்ப்பு என்று சொல்லவில்லை. இது நழுவல் என்பது என் கருத்து.

எதிரணி பிடித்துக்கொள்வது 2016 வாக்கெடுப்பை. மொராலெஸ் மறுபடி நிற்கக் கூடாது என்று 51 சதவீதம் பேர் சொன்னார்கள், ஆனாலும் 2017-ல் அரசியலமைப்புத் தீர்ப்பாயம் அவர் நிற்க வழிவிட்டது. இது வலுவான வாதம்தான், ஆனால் அதற்காக ராணுவம் தலையிடலாமா?

2019 தேர்தலில் முறைகேடு என்ற அமெரிக்க நாடுகள் அமைப்பின் (ஓஏஎஸ்) தணிக்கை அறிக்கை, அதை மறுத்த வாஷிங்டன் ஆய்வு மையம் சிஇபிஆரின் ஆய்வு, இருவரின் அறிக்கைகள் எல்லாம் படித்தாயிற்று. வெனிசுவேலாவையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அங்கே சாண்டர்ஸ் அப்போதைய அதிபர் மதூரோவையும் கண்டித்தார், ஆட்சி மாற்ற முயற்சியையும் எதிர்த்தார். அப்புறம் குழப்பம் கூடியதுதான் மிச்சம். கிடைக்கும் இடதுசாரிக் கட்டுரைகளில் பாதி 2016-ஐத் தொடுவதே இல்லை, மீதி தளபதியைத் தொடுவதில்லை.

இரண்டையும் சேர்த்து எடைபோட்டு அமெரிக்க முற்போக்கு அரசியல்வாதிகளை மதிப்பிடும் இடதுசாரிக் கட்டுரை, தமிழிலோ ஆங்கிலத்திலோ, யாருக்காவது தெரியுமா?