பல்லணுகல்: 'பகிர்வு', 'பகுப்பு' இரண்டும் ஏன் போதவில்லை

விளக்கொளியில் தரவு அனுப்பும்போது, ஒரே விளக்கின் கீழ் இருக்கும் பலர் வலையமைப்பைப் பயன்படுத்தும் முறைக்கு (ஆங்கிலத்தில் 'மல்ட்டிபிள் ஆக்சஸ்') தமிழ்க் கலைச்சொல்லாக 'பயனர் பகிர்வு' என்று சொல்லலாமே என்கிறார்கள். எளிமையான சொல்தான், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. பகிர்வு என்றதும் கோப்புப் பகிர்வும் திரைப் பகிர்வும்தான் நினைவுக்கு வரும். இங்கே பயனர்கள் தங்களுக்குள் எதையும் கொடுத்து வாங்குவதில்லை, பக்கத்தில் இருப்பவர் யாரென்றே தெரியாமல் எல்லோரும் ஒரே விளக்கை அணுகுகிறார்கள். அதனால் 'பல்லணுகல்' அடிச்சொல்லாக இருக்கட்டும். 'பன்முக அணுகல்' என்று எழுதுவதும் உண்டு, ஆனால் ஒரே ஆள் பல முகம் காட்டுவது போல அது தொனிக்கிறது.

உண்மையான தகராறு முன்னொட்டில்தான். 'நேரப் பகுப்பு', 'அதிர்வெண் பகுப்பு' என்பவை வானொலித் தொடர்பில் சிக்கலில்லாமல் ஓடுகின்றன, ஏனென்றால் அங்கே ஒன்றைக் கூறுபோட்டு ஆளுக்கொரு கூறு கொடுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தரவு அனுப்புவதற்காக 2011இல் வந்த ஐஇஇஇ 802.15.7 தரத்திலும் இது உண்டு: ஒருங்கிணைக்கும் கருவி ஓர் அறிவிப்பை அனுப்பும், அதற்குப் பின் வரும் நேரத்தில் ஒரு பகுதியில் எவரும் போட்டியிட்டுப் பேசலாம், இன்னொரு பகுதி முன்பே ஒதுக்கீடு பெற்றவர்களுக்கு. சரி, இதைப் பகுப்பு என்று சொல்வதில் தவறில்லை.

ஆனால் ஒளித்தொடர்பு ஆய்வுகளில் இப்போது அதிகம் பேசப்படுவது எதையுமே பகுக்காத முறை. விளக்குக்கு நேர் கீழே ஒரு கைப்பேசியும் அறை மூலையில் இன்னொன்றும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூலையில் இருப்பதற்குத் தூரமும் அதிகம், கோணமும் சாய்வு, ஆக வந்து சேரும் ஒளி குறைவு. அதனால் விளக்கு இருவருக்குமான குறிகைகளை (சிக்னல்களை) ஒன்றாகக் கூட்டி, மூலையில் இருப்பவருக்கு அதிகத் திறனும் கீழே இருப்பவருக்குக் குறைந்த திறனும் கொடுத்து, ஒரே நேரத்தில் முழுப் பட்டை அகலத்திலும் அனுப்பிவிடும். மூலையில் இருப்பவர் மற்றவருடையதை இரைச்சலாக நினைத்துக் கடந்துபோவார். கீழே இருப்பவர் முதலில் வலுவான குறிகையை, அதாவது மூலைக்காரருடையதை, வாசித்துக் கழித்துவிட்டு மிச்சத்தில் தன்னுடையதை எடுப்பார். இருவரும் அருகருகே உட்கார்ந்துவிட்டால் ஒளிவரவில் வித்தியாசம் இருக்காது, இந்த முறையின் ஆதாயமும் பெரும்பாலும் போய்விடும். விளக்கின் ஒளிர்வு எதிர்மமாக முடியாது, எல்இடி நேர்போக்கில், அதாவது கொடுக்கும் மின்னோட்டத்துக்கு ஈடாக ஒளி கூடும்படி, இயங்கும் எல்லையும் குறுகலானது, அதற்குள்தான் இத்தனையையும் அடுக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் இதற்கு 'நான்-ஆர்த்தோகனல் மல்ட்டிபிள் ஆக்சஸ்' என்று பெயர், ஒன்றோடொன்று கலக்காதபடி பிரிக்காத முறை என்பது அதன் கருத்து. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'செங்குத்தல்லாப் பல்லணுகல்' என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. அதைக் கேட்கும் மாணவர் விளக்கைச் சாய்த்து மாட்டியிருப்பதாகத்தான் நினைப்பார்! 'மேற்பொருந்து பல்லணுகல்' கொஞ்சம் பரவாயில்லை. அலைகள் பாடத்தில் படித்த சொல்தான், நடப்பதையும் சொல்கிறது. ஆனால் ஆளுக்கொரு குறித்தொடர் (தனி அடையாளமாகும் எண்வரிசை) கொடுக்கும் முறையிலும் குறிகைகள் மேற்பொருந்தவே செய்கின்றன, அப்போது இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

என் யோசனை இது. என்ன பங்கு போடப்படுகிறது என்பதை விட்டுவிட்டு, வாங்கும் முனையில் ஒருவரை மற்றவரிடமிருந்து எதைக்கொண்டு பிரித்தறிகிறோம் என்பதை முன்னொட்டாக வைப்போம். நேரவழிப் பல்லணுகல், அதிர்வெண்வழிப் பல்லணுகல், குறிவழிப் பல்லணுகல், மேலே சொன்னது திறன்வழிப் பல்லணுகல். ஒளிக்கே உரிய இரண்டும் இதே வரிசையில் தானாக வந்து உட்காரும். மேலே சொன்ன 802.15.7 தரம் 380 முதல் 780 நானோமீட்டர் வரையான பரப்பை 7 பட்டைகளாகப் பிரித்திருக்கிறது, ஆளுக்கொரு நிறம் கொடுத்தால் நிறவழிப் பல்லணுகல் (நீல எல்இடி மேல் மஞ்சள் பாஸ்பர் பூசிய வழக்கமான வெள்ளை விளக்கில் இது நடக்காது, தனித்தனி நிறச் சில்லுகள் வேண்டும்). வெவ்வேறு திசை பார்க்கும் பல எல்இடிகளைக் கொண்டு பிரித்தால் கோணவழி.

'கண்ணுறு ஒளி' என்பதையும் பெயரிலேயே சேர்க்க வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று: 2023இல் ஏற்கப்பட்ட 802.11பிபி தரம் லை-ஃபைக்கு (ஒளிவழி வை-ஃபைக்கு) 800 முதல் 1000 நானோமீட்டர் அகச்சிவப்பைத்தான் எடுத்துக்கொண்டது. கண்ணுக்கே தெரியாது. பெயரில் ஒளியைக் கட்டிப்போடாமல் இருப்பது நல்லது.

அப்புறம், 'கேரியர் சென்ஸ்' என்பதைப் பெயர்த்து 'ஊர்தி உணர் பல்லணுகல்' என்ற இன்னொரு பரிந்துரை. வேறு எவரும் பேசவில்லையா என்று கேட்டுவிட்டு அனுப்பும் முறை அது, 'கேட்டனுப்பும் பல்லணுகல்' என்றே சொல்லலாம். ஒளியில் இந்த முறை தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கைப்பேசியும் தன் கதிரை மேலே விளக்கை நோக்கி அனுப்புவதால் பக்கத்தில் இருக்கும் கைப்பேசிக்கு அது எட்டுவதில்லை, அதுவும் வழி காலி என்று நினைத்து அனுப்ப, இரண்டும் விளக்கில் போய் மோதிக்கொள்ளும். இப்படி மற்றவருக்குத் தெரியாமல் போகும் கருவிக்கு 'மறைமுனை' என்று எழுதி வருகிறேன். மறை என்றால் மறையாக்கத்தோடு குழப்பிக்கொள்வார்கள் என்று தோன்றினால் வேறு சொல் தாருங்கள், இந்தக் கலைச்சொல் வரைவில் அந்த ஓர் இடம் மட்டும் இன்னும் திறந்தே இருக்கிறது.