ரியூசனை விட்டுவிட்டு யேல் விரிவுரை பார்க்கலாமா?

கொக்குவில் அம்மா:
மகள் சாதாரண தரம் (ஓ.எல்.) முடித்துவிட்டு உயர்தரத்தில் (ஏ.எல்.) கணிதப் பிரிவுக்குப் போகிறாள். பௌதிகம், இணைந்த கணிதம் இரண்டுக்கும் ரியூசன் போட்டால் ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளை வீட்டில் இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழக விரிவுரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன, ரியூசன் எதற்கு என்று பக்கத்து வீட்டுப் பெடியன் கேட்கிறான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

துலாமிதி:
அவன் சொல்வது உண்மைதான் அக்கா. யேல் பல்கலைக்கழகத்தில் ராமமூர்த்தி ஷங்கர் நடத்திய அடிப்படைப் பௌதிகம் முதல் பகுதி முழுவதும் பார்த்தேன். 2006இல் வகுப்பறையிலேயே பதிவுசெய்த 24 விரிவுரைகள். ஆள் சென்னை ஐ.ஐ.ரி.யில் படித்தவர், நன்றாகப் பகிடியும் விடுவார். நியூற்றனின் விதியைச் சூத்திரமாக எழுதிவிட்டுப் போகமாட்டார். திணிவை எப்படி அளப்பாய், விசையை எப்படி அளப்பாய் என்று தோண்டித் தோண்டித்தான் அதற்கு வருவார். இங்கே ரியூசன் கொட்டிலில் மைக் பிடித்து, இந்தக் கேள்வி வந்தால் இந்தச் சூத்திரம் என்கிறார்கள்.

பழைய வாத்தி:
தம்பி, நானும் பார்த்தேன், அருமையான மனிதர். ஆனால் அவருக்கு முன்னால் இருப்பது வகையீடு, தொகையீடு தெரிந்த பல்கலைக்கழகப் பிள்ளைகள். ஓ.எல். முடித்த கையோடு போய் இருந்தால் திணறல்தான். அதோடு நம் ஏ.எல். பௌதிகப் பரீட்சை வேறு மாதிரி: இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினா, கல்குலேற்றரும் இல்லை. ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம்கூடக் கிடையாது. இதையெல்லாம் விடு. வீடியோ பார்க்கும்போது எல்லாம் விளங்கின மாதிரித்தான் இருக்கும். விளங்கியதா என்று யார் பார்ப்பது?

துலாமிதி:
பயிற்சிக் கணக்கும் விடையும் அதே தளத்தில் இருக்கின்றன சேர். எம்.ஐ.ரி. தன் பாடங்களை இலவசமாகத் தருவதாக 2001இலேயே அறிவித்துவிட்டது, அங்கேயும் விடைகளோடு கணக்குகள் உண்டு. செய்துபார்த்து நாமே திருத்தலாம்.

பழைய வாத்தி:
சரி, உன்னையே கேட்கிறேன். துலா வேண்டாம், கப்பிக் கிணறு. தண்ணீரோடு சேர்த்து 10 கிலோகிராம் வாளி, சீரான வேகத்தில் மேலே வருகிறது. புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடு. கயிற்றில் இழுவை எவ்வளவு?

துலாமிதி:
வாளி மேலே வருகிறதே, நிறையை வென்றால்தானே வரும். 100 நியூற்றனை விடக் கொஞ்சம் கூட.

பழைய வாத்தி:
விசைப்படம் கீறினாயா? மேலே இழுவை, கீழே நிறை, வேறொன்றும் இல்லை. வேகம் மாறவில்லை என்றால் ஆர்முடுகல் பூச்சியம், விளையுள் விசையும் பூச்சியம், அதாவது மேல் விசையும் கீழ் விசையும் சமம். இழுவை சரியாக 100 நியூற்றன். ஒரு பொருள் நகர்ந்துகொண்டிருக்க விசை கூட வேண்டும் என்கிற அரிஸ்ரோட்டில் காலத்து எண்ணம் உனக்குள் அப்படியே குந்தியிருக்கிறது. 24 விரிவுரையிலும் உன்னை மறித்து ஒருத்தரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கம்பஸ்காரி:
சேர், மூன்று இடத்தில் ரியூசன் போன நான் இதே பிழையைக் கம்பஸ் முதலாம் வருடத்தில் விட்டேன். அத்தனை பேர் நெருக்கியடித்து இருக்கும் கொட்டிலில் என் கொப்பியை யார் பார்த்தது? குற்றத்தை இணையத்தின் தலையில் மட்டும் போடாதீர்கள்.

அப்புறம் அக்கா, தமிழில் இருக்கிறதே என்று தமிழ்நாட்டு வீடியோக்களைப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பாடம் நன்றாகத்தான் இருக்கும், சொல்தான் காலை வாரும். அவர்களுக்கு நிறை என்றால் நமக்குத் திணிவு. நம் நிறையை அவர்கள் எடை என்பார்கள். நம் ஆர்முடுகல் அங்கே முடுக்கம், நம் சக்தி ஆற்றல், நம் வலு திறன். என் தம்பி 'நிறை 5' என்று வந்த கணக்கில் பத்தால் பெருக்குவதா விடுவதா என்று ஒரு கிழமை மண்டையை உடைத்தான். அதைவிட ஆங்கிலத்திலேயே பார்க்கட்டும். இங்கே விஞ்ஞான பீடத்துக்கு வந்தாலும் ஆங்கிலம்தானே.

பழைய வாத்தி:
கொட்டிலுக்காக நான் வாதாட வரவில்லை பிள்ளை. கொப்பியைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்கிறேன். அது ரியூசன் மாஸ்ரராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, படித்த அண்ணனோ அக்காவோ போதும்.

துலாமிதி:
பிழை என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தரத்தில் நிற்கிற வாளியை வெடுக்கென்று இழுக்கும்போது கைக்குக் கூடுதல் பாரம் தெரிகிறதே சேர், அது பொய்யா?

பழைய வாத்தி:
பொய்யில்லை, இதுதான் கேள்வி! அந்த நேரம் வேகம் பூச்சியத்திலிருந்து ஏறுகிறது, ஆகவே ஆர்முடுகல் இருக்கிறது. செக்கனுக்குச் செக்கன் 2 மீற்றர் வீதம் வேகம் கூடினால் இழுவை எவ்வளவு? நீ சொல்லாதே. கொக்குவில் அக்கா, மகளைக் கேளுங்கள்.

கொக்குவில் அம்மா:
மகள் கொப்பியில் ஒரு பெட்டியும் இரண்டு அம்புக்குறியும் கீறிவிட்டு 120 என்கிறாள். மேல் அம்பு நீளமாகவும் கீழ் அம்பு கட்டையாகவும் இருக்கிறது. அது வேண்டுமென்று கீறினதா என்று கேட்டேன், சிரிக்கிறாள். சரியா சேர்?