அப்டேட்: சில்வராடோ இன்டேக், நானே செய்யலாமா கிட் வாங்கலாமா

போன தடவ கேட்டது இதுதான், என் 2004 செவ்ரோலெ சில்வராடோ பிக்கப் ட்ரக்குக்கு (5.3 லிட்டர் இன்ஜின்) ஹார்டுவேர் கடை பைப்ப வச்சு கோல்ட் ஏர் இன்டேக் (இன்ஜினுக்கு குளிர்ந்த காத்த இழுத்துக் குடுக்கற குழாயும் ஃபில்டரும்) செஞ்சுக்கலாமா, இல்ல ரெடிமேட் கிட்டே வாங்கிடலாமான்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.

கடைசில கிட் தான். செலவு அதிகம்தான், ஆனா பிவிசி பைப் 60 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே இளகிடும், பானட்டுக்குள்ள சூடு அதுக்கும் மேல போகும். அதவிட முக்கியம் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், அதாவது இன்ஜினுக்குள்ள எவ்வளவு காத்து போகுதுன்னு அளக்கற சென்சார். அது உட்கார்ற குழாயோட அகலத்த வச்சுதான் இன்ஜின் கம்ப்யூட்டர் காத்த கணக்கு போடுது, அகலமான பைப்புல சென்சார மாத்தி வச்சா காத்து மெதுவா போகும், உள்ள வர்றத விட கம்மியா காட்டும், பெட்ரோல் பத்தாம கலவை லீன் ஆகி பி0171-ங்கற பழுது கோடு வந்து நிக்கும். கம்பெனி சென்சார் ஹவுசிங்க அப்படியே வச்சுக்கிட்டா வீட்ல செஞ்சதும் ஒழுங்கா ஓடும், அத மறுக்கல.

ஆனா நான் இருக்கறது கலிஃபோர்னியா. இங்க வண்டிப் புகைய சோதிக்கற ஸ்மாக் செக்ல பானட்ட தொறந்து பாப்பாங்க, மாநில ஏர் ரிசோர்சஸ் போர்டு அனுமதி நம்பர் (இஓ நம்பர்) இல்லாத இன்டேக்னா அங்கயே ஃபெயில். என் கிட்ல அந்த நம்பர் போட்ட ஸ்டிக்கர் இருக்கு, ஃபில்டர சுத்தி மூடின பாக்ஸும் இருக்கு, தொறந்த ஃபில்டர்னா இன்ஜின் சூட்டு காத்ததான இழுக்கும்? எண்ணெய் போடற ஃபில்டர் வேணாம்னு ட்ரை ஃபில்டரா எடுத்தேன், எண்ணெய் அதிகமானா சென்சார் கம்பில படியும்.

பவர் பெருசா ஏறிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். சத்தம் மட்டும் அருமை! ஆக்ஸிலரேட்டர அமுக்கினா வி8 உறுமறது இப்பதான் நல்லா கேக்குது.