அந்த மணப்பெண் ஏழையா, இல்லையா?

கழுகுமலையான்:
எலின் ஹில்டர்பிராண்டின் ‘தி பெர்ஃபெக்ட் கப்பிள்’ பற்றி சுபா எழுதியதைப் படித்தேன். “வர்க்கப் பிளவை உரித்துக் காட்டும் நாவல்” என்கிறார். எரிச்சல்தான் வந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து நான்டக்கெட் தீவு, கடலைப் பார்த்த பங்களா, வின்பரி என்று ஒரு பணக்காரக் குடும்பம். கல்யாணத்தன்று காலையில் மணப்பெண்ணின் தோழி தண்ணீரில் பிணமாகக் கிடக்கிறாள். இதில் வர்க்கம் எங்கே வந்தது? மணப்பெண் செலஸ்ட் எளிய வீட்டுப் பெண்ணாம். பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் உதவி இயக்குநர் ஐயா அவள்! உதவி இயக்குநர் எப்படி ஏழை?

சுபா:
‘ஏழை’ என்று நான் எங்கே எழுதினேன் சார்? அவள் அப்பா கடையில் கோட் சூட் விற்கிறார். அம்மா க்ரேயான் கம்பெனியின் பரிசுப்பொருள் கடையில் நிற்கிறார். அம்மாவுக்குப் புற்றுநோய் என்று கல்யாணத்தையே முன்கூட்டி வைக்கிறார்கள். செலவு முழுக்க மாப்பிள்ளை வீட்டாருடையது. இத்தனைக்கும் பிறகு அந்தப் பெண்ணால் வாயைத் திறந்து “எனக்கு வேண்டாம்” என்று சொல்ல முடியுமா?

கழுகுமலையான்:
அப்பா கதை, அம்மா கதை எல்லாம் சரி. உதவி இயக்குநரா இல்லையா? அதற்குப் பதில் வரவில்லை.

ஹட்சன்கரை:
நான் அந்தத் தீவுக்கே போய் வந்தவன், அதனால் சொல்கிறேன். எதிர்க்கரையில் ஹயானிஸ் ஊரில் கப்பல் ஏறினால் வேகப் படகில் ஒரு மணி நேரம். கார் ஏற்றும் கப்பலில் இரண்டேகால் மணி. கோடீஸ்வரனாக இருந்தாலும் பழைய பாணிச் சாம்பல் நிறப் பலகை வீடுதான். இஷ்டத்துக்குப் பெயின்ட் அடிக்க விடமாட்டார்கள். திமிங்கில எண்ணெயில் சம்பாதித்த ஊர் சார் அது, 1846 தீ விபத்தில் நகரத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. அங்கே போகாமலேயே நாவலைப் பற்றிப் பேசுவது வேடிக்கை.

உப்புக்காற்று:
வேகப் படகில் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் திரும்பியவருக்கு வணக்கம். விடிகாலைக் கப்பலில் உங்களுடன் வந்தவர்கள் யார் என்று பார்த்தீர்களா அண்ணா? தச்சர்கள், குழாய் ரிப்பேர்காரர்கள், பெயின்டர்கள். வேலை தீவில், வீடு கரையில். தீவில் குடியிருக்கக் கட்டுப்படியாகாது. 2020 கணக்கெடுப்பில் நிரந்தரமாக வாழ்பவர்கள் 14,255 பேர். கோடையில் அது பல மடங்கு. வாடகைக்கு இருப்பவர் குளிர்காலம் முழுக்க ஒரு வீட்டில் இருப்பார். கோடை தொடங்கும்போது வீட்டுக்காரருக்கு வாரக் கணக்கில் சுற்றுலாக்காரர்கள் வந்துவிடுவார்கள். மெத்தை, குக்கர், பிள்ளையின் சைக்கிள் எல்லாவற்றையும் காரில் அடைத்துக்கொண்டு யார் வீட்டு நிலவறையிலாவது ஒதுங்க வேண்டியதுதான். பாத்திரம் கழுவ ஜமைக்காவிலிருந்தும் எல் சால்வடாரிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். நாவலில் இவர்களுக்கு எத்தனை பக்கம்? வர்க்கம் வேண்டுமென்றால் அங்கே தேடுங்கள் சுபா, மணப்பெண்ணின் கவுனில் இல்லை.

சுபா:
போலீஸ் தலைவர் எட் கபெனாஷ் உள்ளூர்க்காரர். கதையில் ஒரு பங்கு அவர் கண் வழியாகத்தான். இந்த நாவலை வைத்து எடுத்த சீரியலை மட்டும் பார்த்தவரோ நீங்கள்?

கழுகுமலையான்:
கபெனாஷ் இருக்கட்டும். உதவி இயக்குநர்!!

உப்புக்காற்று:
சீரியல்தான் பார்த்தேன், அதில் என்ன குற்றம்? பணம் என்றால் என்ன என்று 2024 சீரியல்தான் ஒழுங்காகக் காட்டியது. வின்பரி வீட்டுக் கடைசிப் பையனுக்கு 18 வயது ஆனால்தான் குடும்ப அறக்கட்டளைப் பணம் பிரியும். மாமனாரின் குழந்தையை அந்தத் தோழி பெற்றுவிட்டால் இன்னொரு 18 வருஷம் காத்திருக்கணும். அதற்காகத்தான் மூத்த மருமகள் அவளை முடிக்கிறாள். நாவலில் யாருக்கோ போட்ட தூக்க மாத்திரையை வேறு யாரோ குடித்துவிட்டதாக மழுப்பிவிட்டார்கள்.

மாயவரத்தாள்:
அடப்பாவி! நான் ரெண்டாவது எபிசோடில் இருக்கிறேன். போட்டு உடைத்துவிட்டீர்களே. போன மாதம் துப்பறியும் கதை இழையிலும் இதே வேலையைச் செய்தது நீங்கள்தானே?

உப்புக்காற்று:
2018இல் வந்த நாவல் அம்மா. இன்னும் எத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருக்க?

மாயவரத்தாள்:
நாவலும் சீரியலும் வேறு வேறு என்று நீங்களே இப்போதுதான் சொன்னீர்கள்.

கழுகுமலையான்:
சபாஷ், நன்றாகத் திசை திருப்புகிறீர்கள். மறுபடி சொல்கிறேன். படித்த பெண், நியூயார்க்கில் வேலை, பதவிப் பெயரில் ‘இயக்குநர்’. கோடைக்கால நாவல் என்பது மணலில் படுத்துக்கொண்டு படிக்கும் சமாச்சாரம். வாசகி அந்தப் பங்களாவை வெறுக்கவா படிக்கிறாள்? கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்து பார்க்கப் படிக்கிறாள். எழுதியவரும் அந்தத் தீவில்தான் குடியிருக்கிறார். 2024இல் கடைசி நான்டக்கெட் நாவல் என்று ஒன்று போட்டாரே, அதிலும் 2 கோடியே 20 லட்சம் டாலர் வீடு. நாவலில் எரிந்துபோகிறது, சரி. எரிவதற்கு முன் அங்கே எத்தனை விருந்து!

சுபா:
நீங்கள் சொல்வது என் கருத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. ஊரே அந்த விருந்துக்கு ஓடுகிறது, பின்னாலேயே விருந்து வைத்த அந்த வீட்டுத் தம்பதியைக் கரித்துக் கொட்டுகிறது. இதற்கு வேறு என்ன பெயர்?

கழுகுமலையான்:
வம்பு. அதற்குப் பெயர் வம்பு. வர்க்கம் இல்லை.

உப்புக்காற்று:
அந்தத் தீவில் நிலம் வாங்கினால் 2 சதவீதம் நில வங்கிக்குக் கட்டணும், 1983 முதல். நிலத்தைப் பாதுகாக்க. உழைக்கிறவனுக்கு வீடு கட்ட அதே மாதிரி ஒரு கட்டணம் கேட்டார்கள். 2024இல் மாசசூசெட்ஸ் ஆளுநரின் வீட்டு வசதி மசோதா சட்டமன்றத்துக்குப் போனபோது இருந்தது, சட்டமாகும்போது காணோம். புல்வெளியைக் காக்க வரி உண்டு, பெயின்டருக்கு வீடு கட்டக் கிடையாது. இதை ஒரு கோடைக்கால நாவலாவது எழுதட்டும், நானே வாங்குகிறேன்.

ஹட்சன்கரை:
அது வரி இல்லை, கட்டணம். விவரம் தெரியாமல் எழுத வேண்டாம்.

உப்புக்காற்று:
‘கட்டணம்’ என்று நானும்தான் எழுதியிருக்கிறேன், மேலே படியுங்கள்.

கழுகுமலையான்:
வரி, கட்டணம், புல்வெளி… எல்லாரும் பதில் சொல்லத் தயங்குகிறீர்கள். உதவி இயக்குநர் ஏழையா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று.

சுபா:
இவருக்கு இனி பதில் கிடையாது.

கழுகுமலையான்:
பதில் இல்லை என்று சொல்லுங்கள், பொருத்தமாக இருக்கும்.

மாயவரத்தாள்:
மூத்த மருமகள் என்றால் அந்த அப்பியா? சும்மா சிரித்துக்கொண்டிருந்தாளே! சே.

ஹட்சன்கரை:
அந்தச் சீரியலைப் பெரும்பாலும் எடுத்ததே தீவில் இல்லை, எதிர்க்கரையில் உள்ள கேப் காடில். போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.