லாங் பிராஞ்ச் ரைஃபிளின் மரக்கட்டை: வார்னிஷை எடுக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். ஒன்டாரியோவில் இருக்கிறேன். போன மாதம் முறையான உரிமத்தோடு ஒரு பழைய லீ என்ஃபீல்டு ராணுவ ரைஃபிள் வாங்கினேன். நம்பர் 4 மார்க் 1 ஸ்டார் மாடல், 1943இல் இங்கே லாங் பிராஞ்ச் ஆயுத ஆலையில் செய்தது. என் வீட்டிலிருந்து அந்த இடம் அரை மணி நேரம்தான். போர்க்காலத்தில் பெண்கள் பெருமளவில் வேலை பார்த்த ஆலை. அதனாலேயே இதைக் கெடுத்துவிடக் கூடாது என்று மனசு அடித்துக்கொள்கிறது.

இரும்புப் பாகம் நன்றாகவே இருக்கிறது. பிரச்சினை மரத்தில். முன்பு வைத்திருந்த யாரோ தடிமனாக வார்னிஷ் பூசிவிட்டார்கள். வெளிச்சத்தில் தேன் நிறத்தில் பளபளக்கிறது. விளிம்பில் நகம் பட்டால் செதிலாக உரிகிறது. அந்தக் காலத்தில் ராணுவத்தில் காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய்தான் தேய்த்தார்கள். உப்புத்தாள் போட மனமில்லை. பின்கட்டையில் குத்திய சின்ன முத்திரைகள் தேய்ந்துவிட்டால் அப்புறம் திரும்ப வராது.

முத்திரை கெடாமல் வார்னிஷை எடுக்க எந்த நீக்கி நல்லது? எண்ணெய் பூசினால் ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே எத்தனை நாள் விடுகிறீர்கள்? முன்கட்டையின் பின்முனையில், சுடும்போது உதைப்பைத் தாங்கும் இடத்தில், மயிரிழை விரிசல் ஒன்றும் தெரிகிறது. அதைச் சரிசெய்யாமல் சுடப்போவதில்லை. எபாக்சி பசை போதுமா, உள்ளே மர ஆணி வைக்க வேண்டுமா? கையால் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், படங்கள் போடுகிறேன்.