கூத்துக் களமும் ரேஞ்ச்ஃபைண்டரும்: 1.25 மடங்கு உருப்பெருக்கி வாங்கலாமா?

குடியாத்தத்தான் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். 1998 முதல் வட ஆற்காட்டுத் தெருக்கூத்துகளைப் படமெடுத்து வருகிறேன். மாவட்டத்தை எத்தனை முறை பிரித்துப் பெயர் மாற்றினாலும் கூத்துக்காரர்களின் பேச்சில் இது வட ஆற்காடுதான். எனக்கும் அப்படியே வந்துவிட்டது. கையில் இருப்பது லைக்கா எம்6, வியூஃபைண்டரின் நடுவில் உள்ள சின்னச் செவ்வகத்தில் இரண்டு பிம்பங்களைச் சேர்த்து போகஸ் பிடிக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. அதன் வியூஃபைண்டர் 0.72 மடங்கு, அதாவது காட்சியை அந்த அளவுக்குச் சிறிதாக்கிக் காட்டும். 50 மி.மீ., 90 மி.மீ. என்று இரண்டு லென்ஸ்கள், இரண்டுமே எஃப் 2. பிலிம் 400. மேடை விளக்கு போதாத ஊர்களில் லென்ஸை முழுதாகத் திறந்து 1/30 நொடியில்தான் எடுக்க முடிகிறது.

எனக்கு இப்போது வயது 57. மூன்று ஆண்டுகளாகப் படங்கள் கூர்மை தப்புகின்றன. சென்ற வைகாசியில் ஒரு திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து. துகிலுரிதல் நடக்கும் இரவு. கொட்டகைக்குப் பின்னால் குண்டு பல்பு ஒன்றின் கீழே உள்ளங்கை அகலக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு துரியோதனன் மீசை எழுதிக்கொண்டிருந்தார். ஒன்றரை மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து 90-இல் ஆறு படங்கள் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் காதில் தொங்கும் அணி கூர்மையாக இருக்கிறது, கண் மங்கலாக இருக்கிறது. ஆறில் ஒன்றுகூடத் தேறவில்லை. அந்தச் சுருளில் 36-க்கு 11 மட்டும் நிற்கின்றன. அந்தப் பெரியவர் அந்த ஆண்டோடு வேடம் கட்டுவதை நிறுத்திவிட்டார். மறுபடி எடுக்க வழியில்லை. அதனால்தான் இதை இத்தனை வருத்தத்தோடு எழுதுகிறேன்.

கண் வைக்கும் இடத்தில் திருகிப் பொருத்தும் உருப்பெருக்கி 1.25 மடங்கிலும் 1.4 மடங்கிலும் கிடைக்கிறது. என் லென்ஸ்களுக்கு எது பொருந்தும்? நான் அணிவது புரோகிரசிவ் கண்ணாடி. அதோடு பார்த்தால், படத்தின் எல்லையைக் காட்டும் சட்டக்கோடுகளின் ஓரம் தெரியுமா? காட்சி இருட்டாகிவிடுமா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

அகழிக்கரை

தம்பி, வேலூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேமரா பழுதுபார்த்தவன் நான். வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் கணக்கு. ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு சாளரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை வியூஃபைண்டரின் பெருக்கத்தால் பெருக்கினால் வருவது பயன்தரும் அடித்தளம். அது நீளமாக இருந்தால் இரட்டைப் பிம்பத்தின் சின்ன விலகலும் கண்ணுக்குத் தெரியும். எம்6-இல் சாளர தூரம் 69.25 மி.மீ. அதை 0.72-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 50 மி.மீ. வரும். 1.25 உருப்பெருக்கி போட்டால் 62 மி.மீ., 1.4 போட்டால் 70 மி.மீ. 1954-இல் வந்த எம்3-இல் வியூஃபைண்டரே 0.91 மடங்கு, அடித்தளம் 62 மி.மீ.க்குச் சற்று மேல். 1.25-ஐத் திருகினால் போகஸ் நுணுக்கத்தில் உங்கள் எம்6 எம்3-க்குச் சமமாகிவிடுகிறது. கண்ணால் நம்பக்கூடிய ஆதாயம் இது, விளம்பரப் பேச்சு இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது வேறு. 90 மி.மீ. எஃப் 2-இல் ஒன்றரை மீட்டருக்குக் கூர்மையாக விழும் பகுதியின் ஆழம் 3 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். அது கடினமான வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் 50 மி.மீ. அடித்தளம் அதற்குப் போதுமானது. கைத்தவறு என்றால் ஆறு படங்களில் இரண்டு மூக்கிலும் இரண்டு காதிலும் போய் விழுந்திருக்கும். உங்களுக்கு ஆறுமே காதில் விழுந்திருக்கின்றன. ஒரே பக்கம் தவறுகிறது என்றால் கருவியைச் சந்தேகிக்க வேண்டும். சீர்கெட்ட ரேஞ்ச்ஃபைண்டரின் மேல் உருப்பெருக்கி போட்டால் தவறான இடத்தை இன்னும் துல்லியமாகக் காட்டும், அவ்வளவுதான்.

50-இலும் தவறு காதுப் பக்கமே விழுகிறதா என்று பாருங்கள். இரண்டு லென்ஸிலும் அப்படியென்றால் குறை கேமராவில் இருக்கிறது. 90-இல் மட்டும் என்றால் லென்ஸில். பிறகு ஒரு காலை நேரம் வேலூர் கோட்டைக்கு வாருங்கள். மதில்மேல் நின்று கிழக்கே மலையுச்சியில் தெரியும் கோட்டைச் சுவரின் விளிம்பைப் பாருங்கள். லென்ஸை முடிவிலி (மிகத் தொலைவுக்கான கடைசிக் குறி) வரை திருகிய பின்னும் இரண்டு பிம்பங்களும் சேராமல் மயிரிழை மிச்சம் நிற்கிறது என்றால், உங்கள் கேமரா எப்போதும் ஆளுக்குப் பின்னால்தான் போகஸ் பிடிக்கும். பிம்பங்கள் மேலும் கீழுமாக விலகியிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். அப்படி இருந்தால் கண் தடுமாறும். எதையும் நீங்களே திருகாதீர்கள். உள்ளே இருக்கும் உருளையை ஒரு நூல் அசைத்தால் முடிவிலியும் கிட்டத்து தூரமும் ஒன்றோடொன்று முரண்டு பிடிக்கும்.

அடுத்தது உங்கள் கண். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை. லைக்காவின் வியூஃபைண்டர் மைனஸ் 0.5 டயாப்டரில் அமைந்தது. மலையைப் பார்த்தாலும் கண்ணுக்கு அது 2 மீட்டர் தூரத்தில் இருப்பது போலத்தான். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அந்த 2 மீட்டரும் சிரமம். புரோகிரசிவ் கண்ணாடியிலோ தலையைச் சற்று நிமிர்த்தினால் ஒரு பவர், குனிந்தால் வேறு பவர். கேமராவில் கண் வைக்கும்போது எந்தப் பகுதி வழியாகப் பார்க்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. கண்ணாடிக் கடையில் சோதனை வில்லைகளைக் கேட்டு வாங்கி, +0.5, +1, +1.5 என ஒவ்வொன்றாக வியூஃபைண்டருக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். எந்த வில்லையில் அந்தச் சின்னச் செவ்வகத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல நிற்கிறதோ, அந்தப் பவரில் திருத்த வில்லை வாங்கித் திருகுங்கள். சிதறல் பார்வைக்கான சிலிண்டர் பவர் இருந்தால் அந்த வில்லை போதாது. தூரப் பார்வைக்கு மட்டுமான ஒற்றைப் பவர் கண்ணாடி ஒன்றைக் கூத்துக்கென்றே செய்துகொள்ளுங்கள்.

இவ்வளவும் சரியான பின் உருப்பெருக்கி பற்றிப் பேசலாம்.

ஆம்பூர் ஒளிப்பெட்டி

ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அண்ணா, ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு ஆண்டுகள் 1.4-ஐக் கழற்றாமல் வைத்திருந்தேன். 0.72-ஐ 1.4-ஆல் பெருக்கினால் 1 வருகிறது. உலகம் எந்த அளவில் இருக்கிறதோ அதே அளவில் வியூஃபைண்டரிலும் தெரியும். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு பார்த்தால் 90-இன் சட்டக்கோடு காற்றில் தொங்குவது போல இருக்கும். முதல் நாள் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

போகஸ் நன்றாகவே கிடைத்தது. சட்டகம்தான் போயிற்று. 50-க்கு மாறினால் கோடுகள் காட்சியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டன, கண்ணாடியோடு மூலைகள் தெரியவே இல்லை. 1.25-இல் 50 வசதியாக இருக்கிறது, 35 தடுமாறும், 28-ஐ மறந்துவிட வேண்டியதுதான். கூத்தை எடுப்பவருக்கு இது பெரிய விஷயம் அல்லவா? கட்டியங்காரன் எந்தப் பக்கத்திலிருந்து நுழைவான் என்று யாருக்குத் தெரியும்? சட்டத்துக்கு வெளியே வருகிறவனையும் முன்கூட்டியே பார்க்கலாம் என்பதற்காகத்தானே ரேஞ்ச்ஃபைண்டரைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அந்த இடத்தை உருப்பெருக்கி தின்றுவிடுகிறது.

இன்னொன்று: எம்6-இல் பக்கத்திலிருந்து விளக்கு அடித்தால் நடுச் செவ்வகம் வெளுத்துப் போகும். உருப்பெருக்கி போட்ட பிறகு கண்ணை நட்டநடுவில் வைத்தால்தான் அது திரும்புகிறது. கூத்தில் விளக்கு பெரும்பாலும் பக்கத்தில்தான்.

ஆரணிக்காரி

நடுவில் ஒரு கேள்வி. என்னிடம் அப்பாவின் யாஷிகா எலெக்ட்ரோ 35 இருக்கிறது. 45 மி.மீ., எஃப் 1.7. அதில் இந்த உருப்பெருக்கி ஏறுமா? செவ்வகம் மங்கிப் போய் இருட்டில் எதுவும் தெரியவில்லை.

அகழிக்கரை

ஏறாதம்மா, அந்தக் கண் துளையில் திருகு மரை கிடையாது. பசை வைத்து ஒட்டச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். மங்கலுக்குக் காரணம் உள்ளே கண்ணாடியில் படிந்த புகைப்படலமாக இருக்கலாம், துடைத்தால் பாதி திரும்பும். அதுவரைக்கும் ஒரு கைவைத்தியம்: முன்பக்கப் பெரிய சாளரத்தில், செவ்வகம் தெரியும் இடத்துக்கு நேராக, மிளகளவு கறுப்பு நாடா ஒட்டுங்கள். நேர்காட்சி அந்த இடத்தில் மறைந்து, செவ்வகத்தில் இரண்டாம் பிம்பம் மட்டும் பளிச்சென்று நிற்கும். உள்ளே தெரியும் கோடும் வெளியே தெரியும் கோடும் ஒரே நேர்கோட்டில் சேர்கின்றனவா என்று பாருங்கள். தூண், கதவு நிலை, வேட்டிக் கரை எதுவானாலும் சரி.

ஆம்பூர்த் தம்பி சட்டகத்தைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. உருப்பெருக்கியை நிரந்தர உறுப்பாக நினைக்கக் கூடாது. வேண்டும்போது திருகி, வேண்டாதபோது கழற்ற வேண்டியது. இருட்டில் திருகும்போது கோணலாக மரை ஏறினால் கேமராவின் மரைதான் சேதமாகும். முதலில் இடப்பக்கமாகச் சுற்றுங்கள், மரை தன் இடத்தில் விழுவது விரலுக்குத் தெரியும், பிறகு வலப்பக்கம் சுற்றுங்கள்.

குடியாத்தத்தான்

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய சுருள்களை எடுத்துப் பார்த்தேன். 50-இலும் தவறு காதுப் பக்கமே. அப்போதே வயிற்றைக் கலக்கியது. கோட்டை மதிலுக்குப் போனேன். ஐயா சொன்னது அப்படியே: மலைக்கோட்டைச் சுவர் இரண்டாகவே நின்றது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் கேமராவைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தேன், அதன் பிறகுதான் கெட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. சென்னையில் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்து வாங்கினேன். கண்ணுக்கு +1 வில்லை பொருந்தியது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்கிறேன். நடுச் செவ்வகத்தின் ஓரம் அத்தனை கூர்மையாக இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

பிறகு நண்பர் ஒருவரின் 1.25-ஐ இரவல் வாங்கி, செய்யாறு பக்கம் ஒரு கூத்துக்குக் கொண்டுபோனேன். ஒப்பனைக் கொட்டகையில் 90-ஓடு அதைப் போட்டேன். நடிகர் அசையாமல் உட்கார்ந்து அரிதாரம் பூசுகிற நேரம், சட்டத்துக்கு வெளியே பார்க்க வேண்டியது எதுவுமில்லை. கண் இமை மயிரில் போகஸ் வைத்தேன், வைத்த இடத்தில் நின்றது. எட்டுப் படங்களில் ஏழு கூர்மை. இருட்டு கொஞ்சம் கூடியது உண்மை, தடையாக இல்லை. வியர்வைதான் தொல்லை: உருப்பெருக்கி முகத்தோடு இன்னும் ஒட்டுவதால் அதன் வில்லையில் ஆவி படிகிறது.

களத்துக்கு வந்ததும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு 50-க்கு மாறினேன். திரைக்குப் பின்னாலிருந்து திரௌபதியின் கை முதலில் வெளியே வந்தது. சட்டக்கோட்டுக்கு வெளியே, இடது ஓரத்தில், அந்தக் கையைப் பார்த்துவிட்டேன். முகம் கோட்டைத் தாண்டிய கணத்தில் அழுத்தினேன்.

1.25 ஒன்று சொந்தமாக வாங்கப் போகிறேன், 90-க்கு மட்டும். ஐயா, அதோடு வரும் சின்னச் சங்கிலியைக் கேமரா வாரில் கோக்கலாமா, அல்லது முடிபோட்ட நூல் போதுமா? விடியற்காலை மூன்று மணிக்கு மண்ணில் விழுந்தால் தேடி எடுக்க முடியாது.

அகழிக்கரை

சங்கிலியையே கோத்துவிடுங்கள் தம்பி, நூல் வியர்வையில் இற்றுப்போகும். அந்த எட்டில் ஒன்றை எனக்கு அனுப்புங்கள்.