சார்லி பார்க்கர்: எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது?

பாட்டுக்கிறுக்கன்:
ஜாஸ் இப்போதுதான் கேட்கப் பழகுகிறேன். மைல்ஸ் டேவிஸ், கோல்ட்ரேன் எல்லாம் பிடித்துப்போய், அப்புறம் ஆளாளுக்குச் சொல்கிறார்களே என்று சாக்சபோன்காரர் சார்லி பார்க்கர் பக்கம் வந்தால் தலை சுற்றுகிறது. ஒழுங்கான ஆல்பம் ஒன்றும் கண்ணில் படவில்லை, எல்லாம் தொகுப்புகள். ஒன்றைப் போட்டால் அதே பாட்டு நாலு தடவை வருகிறது, அதில் ஒன்று பாதியிலேயே நின்றுவிடுகிறது. வேகமோ கேட்கவே வேண்டாம். 34 வயதில் இறந்துபோன மனிதருக்கு இவ்வளவு பதிவுகளா? எதைக் கேட்கலாம், எதை விடலாம்?

பழைய தட்டு:
அது அந்தக் காலத்து வழக்கம். அவருடைய முக்கியப் பதிவுகள் பெரும்பாலும் 1945லிருந்து 1948க்குள் சவாய், டயல் என்ற இரண்டு சின்ன கம்பெனிகளுக்குச் செய்தவை. எல்லாம் நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டு, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். இவற்றை ஆல்பம் என்று யோசித்துப் பதிவு செய்ததே இல்லை. பின்னாளில் மிச்சம் மீதி டேக்குகளையும் (ஒரே பாட்டை ஒவ்வொரு முறை வாசித்துப் பதிந்ததும் ஒரு டேக்) சேர்த்துத் தொகுப்பு போட்டார்கள்.

ஆனால் அந்தப் பாதியில் நிற்கும் டேக்கை விட்டுவிடாதீர்கள். நீங்கள் கேட்டது 'கோ கோ'வாக இருந்தால் (நவம்பர் 26, 1945), அங்கே நடப்பது இதுதான்: ஆரம்ப வாசிப்பு முடிந்ததும் 'செரோக்கி' என்ற பழைய பாட்டின் மெட்டையே வாசிக்கத் தொடங்குகிறார்கள், உடனே நிறுத்தப்படுகிறது. முழு டேக்கில் அந்த மெட்டையே காணோம், நேராக பார்க்கரின் சோலோவுக்குள், அதாவது அவர் அந்த நேரக் கற்பனையில் வாசிக்கும் தனி வாசிப்புக்குள், பாய்கிறது. கார்ட்ஸ் (மெட்டுக்கு அடியில் ஓடும் சுரக்கூட்டுகளின் வரிசை) மட்டும் 'செரோக்கி'யுடையது. மெட்டுக்குத்தான் காப்புரிமை, கார்ட்ஸுக்கு இல்லை. அதனால் பழைய பாட்டின் கார்ட்ஸ் மேல் சொந்தச் சரக்கை ஏற்றினால் யாருக்கும் ராயல்டி கொடுக்க வேண்டாம், பீபாப்காரர்கள் (பார்க்கரும் கூட்டாளிகளும் கொண்டுவந்த இந்த வேகமான ஜாஸ் பாணிக்காரர்கள்) இதை நிறையச் செய்தார்கள். உங்கள் மைல்ஸ் டேவிஸும் அன்று ஸ்டுடியோவில் இருந்தார், வயது 19. ஆனால் இந்தப் பாட்டில் டிரம்பெட் வாசித்தது டிஸ்ஸி கில்லெஸ்பி.

மெதுவடை:
புதிதாக வருகிறவரிடம் 'கோ கோ'வை நீட்டினால் ஓடிவிடுவார் ஐயா! 1949இல் வயலின்களோடு பதிவு செய்த 'ஜஸ்ட் ஃபிரெண்ட்ஸ்'தான் சரியான வாசல். பின்னால் அந்த ஆர்கெஸ்ட்ரா கொஞ்சம் சர்க்கரைதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அதனாலேயே சாக்சபோன் தனியாகத் தெளிவாகக் கேட்கும். அடுத்து 1948இன் 'பார்க்கர்ஸ் மூட்'. நிதானமான புளூஸ், புளூஸ் ஊறிய கன்சாஸ் சிட்டியில் வளர்ந்த ஆள் என்பது முதல் சில நொடியிலேயே தெரிந்துவிடும்.

ராத்திரி ரயில்:
ஒரு எச்சரிக்கை. 'லவர் மேன்' என்ற 1946 பதிவை "உருக்கமானது" என்று யாராவது அனுப்பிவைப்பார்கள். ஹெராயின் பழக்கத்தாலும் குடியாலும் பார்க்கரின் உடம்பு முழுக்கத் தளர்ந்திருந்த நாளில் டயல் கம்பெனிக்கு எடுத்தது. பியானோ ஆரம்பித்துக் கொடுத்தும் இவர் நுழைய வேண்டிய இடத்தில் நுழையவில்லை, தாமதமாகத்தான் வருகிறார். அன்றிரவே ஹோட்டல் அறையில் தீ, போலீஸ், பிறகு கமரில்லோ மனநல மருத்துவமனையில் சுமார் ஆறு மாதம். அந்தத் தட்டு வெளியானதில் அவருக்கே கோபம். வேதனையைக் கலை என்று ரசிப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். அதே கம்பெனிக்கு 1947 அக்டோபரில் வாசித்த 'எம்ப்ரேசபிள் யூ'வின் இரண்டு டேக்குகளைக் கேளுங்கள். ஒரே நாள், ஒரே பாட்டு, சோலோ மட்டும் அடியோடு வேறு. நாலு தடவை ஏன் போடுகிறார்கள் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

பழைய தட்டு:
மூன்று நிமிடம் போதாது என்று தோன்றும்போது 1953 மே மாத டொராண்டோ மேசி ஹால் கச்சேரிக்கு வாருங்கள். கில்லெஸ்பி, பியானோவில் பட் பவல், பாஸில் மிங்கஸ், டிரம்ஸில் மேக்ஸ் ரோச், கூடவே பார்க்கர். அன்று இரவே குத்துச்சண்டை உலகப் பட்டப் போட்டி வேறு, அரங்கில் ஏகப்பட்ட நாற்காலிகள் காலி. வேறு கம்பெனியோடு ஒப்பந்தம் இருந்ததால் தட்டில் அவர் பெயர் 'சார்லி சான்'. வாசித்தது பிளாஸ்டிக் ஆல்டோ சாக்சபோன்.

பாட்டுக்கிறுக்கன்:
பிளாஸ்டிக்கா?! மெதுவடை மன்னிக்க வேண்டும், வயலின் அப்புறம். முதலில் டொராண்டோ.